உயிரினங்களின் கூட்டுறவில் ஒரு பக்கம் ஏமாற்றினால் உறவு ஏன் உடைவதில்லை?

வேலை செய்யாமல் கூலி மட்டும் வாங்கிக்கொள்ளும் உயிரினம்தானே வேகமாகப் பெருகும், பிறகு இந்த உறவுகள் எப்படிப் பல கோடி ஆண்டுகள் தாக்குப்பிடித்தன என்று கேட்டிருக்கிறீர்கள். மிகச் சரியான கேள்வி. ஏமாற்று எங்கும் நடக்கிறது. (இங்கே ஏமாற்று என்றால் தீய எண்ணம் என்று பொருளல்ல, பலனை எடுத்துக்கொண்டு பதிலுக்கு எதுவும் தராமல் இருப்பது, அவ்வளவுதான்.) நீடிக்கும் உறவுகளில் பெரும்பாலும் கூலி வேலையோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அதனால் எந்த உறவை எடுத்தாலும் கணக்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில் பார்க்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் இது தெளிவாகத் தெரியும். உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குத் தருகிறது. செடி அதற்கு உணவு தருகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகும். அந்த வேலையைச் செய்யாத பாக்டீரியா, மிச்சமான ஆற்றலைத் தன் உடலில் சேமித்துக்கொள்ளலாம். வேருக்குள் நுழையும்போது செடி பார்ப்பது ரசாயன அடையாளத்தை மட்டும்தான். வந்தது உழைக்குமா உழைக்காதா என்று வாசலில் தெரியாது. ஆகவே சோதனை உள்ளே நடக்கிறது.

2003இல் டோபி கியர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோயாவில் இதைக் காட்டினார்கள். வேர்களைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா நல்ல இனமே. ஆனால் மாற்றித் தர அதனிடம் நைட்ரஜன் இல்லை. அந்த முடிச்சுகளில் பாக்டீரியாவின் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. செடி அந்த முடிச்சுக்குப் போகும் ஆக்சிஜனை இறுக்கிவிட்டது என்பதற்கும் அளவீடுகளில் அறிகுறி கிடைத்தது. முழுச் செடி, பாதி வேர், தனி முடிச்சு என மூன்று நிலையிலும் இதே விளைவுதான். அதாவது ஒவ்வொரு முடிச்சுக்கும் தனிக் கணக்கு. பக்கத்து முடிச்சின் உழைப்பில் சோம்பேறி முடிச்சு குளிர்காய வழியில்லை.

இதை நீங்களே வெட்டிப் பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் பயறுச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். தண்ணீரில் மெதுவாக அலசி, பத்து முடிச்சுகளைப் பிளேடால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்போ சிவப்போ இருந்தால் லெக்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதம்) இருக்கிறது, வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை, அல்லது உழைக்காத இனம். பச்சை, பழுப்பு என்றால் ஆயுள் முடிந்தது. எண்ணிக்கையை நம்பாதீர்கள்: பக்கவேர்கள் முழுக்கச் சின்னச்சின்ன வெள்ளை முடிச்சுகள் நிறைந்திருப்பது பெரும்பாலும் கெட்ட செய்தி. விதைநேர்த்தியில் நல்ல ரைசோபியம் கலந்தும் பலன் தெரியாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுமாரான இனங்கள் எண்ணிக்கை பலத்தால் வேரை முதலில் பிடித்துக்கொள்வதுதான்.

யூக்கா செடியில் கணக்கு பூவுக்குப் பூ. அந்துப்பூச்சி மகரந்தம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே பூவில் முட்டையிடும். புழுக்கள் விதைகளில் ஒரு பங்கைத் தின்னும். முட்டைகள் மிகுந்துபோன பூக்களைச் செடி பெரும்பாலும் உதிர்த்துவிடும், உள்ளிருக்கும் முட்டைகளும் அதோடு போகும். ஆனால் உதிர்ப்பதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அந்துகளின் வம்சத்திலேயே சில இனங்கள் மகரந்தம் சுமப்பதையே விட்டுவிட்டன. அவை பூவுக்கு வருவதில்லை, காய் பிடித்த பிறகு வந்து அதில் முட்டையிடுகின்றன. கணக்கு மூடியபின் வருபவனைப் பிடிக்க வழியில்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த அந்துகள்தான்.

அத்தியிலும் இதே ஏற்பாடு உண்டு, அங்கே அந்துக்குப் பதில் குளவி. குளவி தானாக முயன்று மகரந்தம் சேகரித்து வர வேண்டிய அத்தி இனங்களில், மகரந்தமின்றி வந்த குளவி புகுந்த காய்களை மரம் உதிர்க்கிறது, அல்லது அவற்றில் குஞ்சுகள் குறைகின்றன. மகரந்தம் தானே குளவியின் மேல் ஒட்டிக்கொள்ளும் இனங்களில் இந்தத் தண்டனை தென்படவில்லை. அங்கே தேவையும் இல்லை.

பவளப்பாறைத் துப்புரவு மீனைத் தண்டிக்க, உதிர்ப்பதற்குப் பூவோ காயோ இல்லை. அதன் வேலை மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்பது; ஆசை அவற்றின் உடல்மேலுள்ள வழவழப்பின் மேல். அதைக் கடிப்பதுதான் இங்கே ஏமாற்று. கடிபட்ட மீன் உடலைச் சட்டென்று உதறும். நடமாடும் எல்லை பெரிதாக உள்ள மீன் அடுத்த முறை வேறு துப்புரவு மீனிடம் போய்விடும். அங்கேயே வசிப்பது துரத்தித் துரத்தி அடிக்கும். கொன்றுதின்னி மீன்களிடம் இந்தச் சேட்டை அரிது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சோதிப்பவருக்கே அந்தக் கூட்டாளி தேவைப்படாமல் போனால்? அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் நைட்ரஜன் உரம் இட்ட நிலங்களிலிருந்து ரைசோபியத்தைப் பிரித்து, க்ளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடிகளில் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. உரமிடாத நிலத்து ரைசோபியம் பெற்ற செடிகளைவிட, உரமிட்ட நிலத்து ரைசோபியம் பெற்றவை குறைவாகவே வளர்ந்தன. மண்ணிலேயே தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சுகளில் செலவழிப்பதைக் குறைத்துக்கொள்ளும், நல்ல உழைப்பாளிக்குக் கிடைத்த கூடுதல் கூலியும் அதோடு நின்றுபோகும். ஆகவே பயறு விதைக்கும் நிலத்தில் ஆண்டுதோறும் யூரியாவைக் கொட்டிவிட்டு முடிச்சுகள் வெள்ளையாக இருக்கின்றனவே என்றால், குறையை விதையிலோ நுண்ணுயிர் உரப் பொட்டலத்திலோ மட்டும் தேடாதீர்கள்.