தாய்மாரின் மனச்சோர்வும் பேச்சு சிகிச்சையும்: கேள்வி பதில்

கேள்வி: நான் கிராமச் செவிலியர். சோர்ந்திருக்கும் ஏழைக் கர்ப்பிணியிடம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசினால் போதாதா?

போதாது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகள், இரு பிரிவாக. இரு பிரிவினரின் வீட்டுக்கும் சுகாதாரப் பணிப்பெண்கள் சம எண்ணிக்கையில்தான் போனார்கள். ஒரு பிரிவுக்குப் போனவர்கள் மட்டும் 'Thinking Healthy' என்ற பேச்சு சிகிச்சை முறையைப் பயின்றிருந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தப் பிரிவில் 23 சதவீதத்தினரும், மற்றதில் 53 சதவீதத்தினரும் சோர்வில் இருந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்கள் முறையை ஊருக்கேற்ப மாற்றிய விதம். மனநோய் என்றால் மாமியார் வாசலோடு அனுப்பிவிடுவார். பிள்ளை நலம் என்றால் பாய் விரிப்பார். ஆகவே பேச்சு பிள்ளையிலிருந்து தொடங்கியது, குடும்பமும் உடன் உட்கார்ந்தது. எழுத்தறியாதவர்களுக்குப் படங்கள். "நான் சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது, விதிப்படிதான் பிள்ளை" என்ற எண்ணத்தைக் கண்டுகொள்வது, மாற்று எண்ணம் தேடுவது, அடுத்த வருகைக்குள் அதைச் செயலில் பழகுவது. சாரம் இவ்வளவுதான்.

கேள்வி: கர்ப்பமானதும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: பசிக்குப் பணம் தராமல் பேச்சைத் தருவது ஏமாற்று அல்லவா?

பணத்துக்குப் பதிலாகத் தந்தால் ஏமாற்றுதான். ஆனால் சோர்ந்து கிடப்பவள் கையில் பணம் நிற்பதில்லை. வேறு யாராவது செலவழித்துவிடுவார்கள். அதே தாய்மாரை ஏழாண்டுகளுக்குப் பிறகு பொருளியலாளர்கள் தேடிப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு வீட்டுப் பணத்தில் கூடுதல் பிடி இருந்தது. பிள்ளைகளுக்காக நேரமும் காசும் அதிகம் செலவிட்டார்கள்.

அதே வாசகர்: பிள்ளைகள் அறிவில் முன்னேறினார்களா?

கெட்டிக்காரக் கேள்வி. இல்லை, குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. அதனால் என்ன? பிள்ளை மதிப்பெண் வாங்கினால்தான் தாயின் துயரத்தைத் தீர்க்க வேண்டுமா? பிள்ளை நலம் என்பது வீட்டுக்குள் நுழையும் வழி. நுழைந்தபின் நோயாளி அந்தப் பெண்தான். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பால் கொடுக்கிறேன். மாத்திரையை நிறுத்தட்டுமா?

மேலே சொல்லியாயிற்று. நிறுத்தாதீர்கள்! மருத்துவர்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். இந்த முறை உதவுமா?

அடியைப் பேச்சு நிறுத்தாது. பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். உயிரை விடத் தோன்றினால் இப்போதே மனநல உதவி எண் 14416.

கேள்வி: பயிற்சி எத்தனை நாள்?

ராவல்பிண்டியில் பணிப்பெண்களுக்குத் தொடக்கப் பயிற்சி இரண்டே நாள், பிறகு மாதாமாதம் மேற்பார்வை. உலக சுகாதார நிறுவனம் இந்த முறையின் கையேட்டை 2015இல் வெளியிட்டது, இலவசம். மேற்பார்வைக்கு ஆள் கிடைக்காவிட்டால் தொடங்காதீர்கள்.