லெதர் பூட்ஸில் வெள்ளையாகப் பூக்கிறது, மடிப்பில் விரிசலும் விடுகிறது. எந்த பாலிஷ் போடுவது?

சேலத்தில் வேலை, சனி ஞாயிறு ஏற்காட்டில் நடை, 9,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பூட்ஸ் ஒரே வருடத்தில் இப்படி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிஷ் கடைசியில் வருகிற வேலை. முதலில் அந்த வெள்ளை என்ன என்று தெரிய வேண்டும்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். வீடு கோரிமேட்டில். திங்கட்கிழமை காலை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். மேலே பனிமூட்டம், கீழே சித்திரை வெயில் என்று என் பூட்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டது. அதனால் இந்த வெள்ளையோடு நல்ல பழக்கம்.

லெதரில் பூக்கிற வெள்ளை மூன்று வகை. ஈரம் ஏறி நின்ற இடத்தில் அலை அலையாகக் கோடு போட்டிருந்தால் அது உப்பு. பெரும்பாலும் நம் வியர்வையில் இருந்து வருவது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், காய்ந்ததும் திரும்ப வரும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து, கோடு இருக்கும் இடத்தை மட்டும் இல்லாமல் அந்தப் பக்கம் முழுக்க ஒரே சீராகத் துடையுங்கள். இரண்டு மூன்று தடவையில் அடங்கிவிடும்.

புள்ளி புள்ளியாக, பஞ்சு ஒட்டின மாதிரி, மூடிக்கிடந்த அலமாரியின் வாடையோடு இருந்தால் பூசணம். நாக்குப் பகுதியின் மடிப்பிலும் தையல் ஓரத்திலும்தான் முதலில் பிடிக்கும்.

மூன்றாவதைப் பலரும் பூசணம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மேல்தோல் முழுக்க மெல்லிசாக, மெழுகு படிந்த மாதிரி ஒரு படலம். இது தோலுக்குள் இருக்கும் கொழுப்பு குளிரில் உறைந்து மேலே வருவது. ஹேர் டிரையரைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்து லேசாகச் சூடு காட்டினால் கண் முன்னாலேயே உருகி மறையும். பூசணம் மறையாது. மறைந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

இந்த மூன்றாவது வகைக்கு நம் ஊரில் பெரிய காரணம் தேங்காய் எண்ணெய். லெதர் வறண்டால் தேங்காய் எண்ணெய் தடவு என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். தயவுசெய்து தடவாதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழி ராத்திரியில் ஏற்காட்டில் பாட்டிலில் கட்டியாகிற எண்ணெய், தோலுக்குள் போனால் மட்டும் உறையாமல் இருக்குமா? லெதருக்கென்றே உள்ள நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்தும் பாதப் பகுதியிலிருந்தும் எடுப்பது. உடம்பின் மற்ற இடத்துக் கொழுப்பைப் போல அது லேசில் உறைவதில்லை. ஆனால் அதுவும் தோலின் நிறத்தை ஒரு படி கருக்க வைக்கும். வெளிர் பழுப்பு பூட்ஸ் என்றால் உள்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பூசணம்தான் என்று தெரிந்தால், வீட்டுக்குள் தட்டாதீர்கள். மாடிக்குக் கொண்டுபோய் லேஸைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, காய்ந்த பிரஷால் தேய்த்து உதறுங்கள். பிறகு அதே வினிகர்த் தண்ணீரால் உள்ளும் புறமும் துடைத்து, நிழலில் காற்றாட இரண்டு நாள் விடுங்கள். உள்ளே கை விட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். முழுசாகக் காயாமல் மேலே கிரீமோ பாலிஷோ போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலைதான்.

அடுத்து விரிசல். இதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எஸ்டேட்டில் சேர்ந்த முதல் வருடம், ஐப்பசி மழையில் பூட்ஸ் சொதசொதவென்று நனைந்துவிட்டது. காலையில் போட வேண்டுமே என்று குவார்ட்டர்ஸில் விறகடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்ததும் எடுத்தால் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. காலை நுழைத்து நாலு அடி வைப்பதற்குள் விரல் மடியும் இடத்தில் குறுக்கே பிளந்தது. அன்று களத்தில் காபி கிளறிக்கொண்டிருந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, “காபியவே உச்சி வெயில்ல மூடி வெக்கச் சொல்றீங்க, இதப் போயி அடுப்புல வெச்சிட்டீங்களே சார்” என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது அவ்வளவு சரி. தோடு, அதாவது கொட்டையை மூடியிருக்கும் மெல்லிய ஓடு, உள்ள காபியைக் களத்தில் மெதுவாக, கிளறிக் கிளறித்தான் காயவைப்போம். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் தோடு வெடித்துவிடும்.

லெதருக்கும் அதே கதை. காய்ந்த லெதர் தாங்குகிற சூட்டை நனைந்த லெதர் தாங்காது. அதன் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகும். அப்படிச் சுருங்கினதை எந்த எண்ணெயும் பழையபடி இளக்காது. வெடித்த இடம் திரும்ப ஒட்டவும் ஒட்டாது. உங்கள் விரிசல் நூல் போல மேலோட்டமாக இருந்தால் கிரீம் கொடுத்து அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நகம் உள்ளே இறங்கினால் அது நிரந்தரம்.

ஆகவே நனைந்து வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். லேஸைத் தளர்த்தி, உள் அட்டையை வெளியே எடுங்கள். செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரை திணியுங்கள். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும், மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. சோலிலும் காற்றுப் பட, பூட்ஸைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். அடுப்பு, வெயில், பைக் எஞ்சின், கார் டேஷ்போர்டு எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் மலையில் காய மூன்று நாள்கூட ஆகும். அதனால்தான் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். மழையே இல்லாவிட்டாலும் பாதத்தின் வியர்வை காய ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

காய்ந்தபின் கண்டிஷனர், அதாவது தோலை இளக்கமாக வைக்கிற கிரீம், போடலாம். தோல் அதைக் குடிக்குமா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். சொட்டு பரவி அந்த இடம் கருத்தால் குடிக்கும். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே மெழுகோ பூச்சோ இருக்கிறது. பட்டாணி அளவு கிரீமை பழைய பனியன் துணியில் எடுத்துத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அதிகமானால் தோல் தொளதொளத்துப்போகும்.

அதற்கப்புறம்தான் டப்பாவில் வருகிற மெழுகு பாலிஷ். அது ஊட்டம் தருவதில்லை. பளபளப்பும் தண்ணீருக்கு ஒரு மறைப்பும் தருகிறது, அவ்வளவே. தூசி மேல் பாலிஷ் போட்டால் மண்ணை வைத்து உரசுகிற மாதிரி. குதிரை முடி பிரஷ் ஒன்று வாங்கி, தினமும் கழற்றினதும் ஒரு நிமிடம் தேய்த்தாலே பாலிஷ் தேவை பாதியாகும். ஸ்பாஞ்சு வைத்த உடனடி ஷைன் டப்பாவை நான் நல்ல பூட்ஸின் பக்கத்திலேயே விடமாட்டேன். அது மேலே ஒரு படலத்தைப் பரப்பிவிடுகிறது, பிறகு கிரீம் உள்ளே இறங்குவதில்லை. ஸ்வேட் (மேலே வெல்வெட் மாதிரி இருக்கும் லெதர்) என்றால் இவை எதுவுமே கூடாது, பிரஷ் மட்டும்.

சோலைப் பற்றியும் பார்க்க வேண்டும். மேல்தோலோடு ஓரப்பட்டை வைத்துத் தைத்த சோல் என்றால் தேய்ந்தபின் பிரித்து வேறு தைக்கலாம். என் பூட்ஸுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன்தான் மெழுகு நூலில் தைத்துக் கொடுத்தார். வெறும் பசையில் ஒட்டினது என்றால் அவ்வளவு எளிதில்லை. பாலியூரித்தேன் சோலுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதைச் சிதைக்கும். என் மச்சான் கல்யாணத்துக்கு வாங்கின ஷூவைப் பத்திரமாக டப்பாவிலேயே வைத்திருந்தார். பல வருடம் கழித்து மகள் காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் நடந்தால், பின்னாலேயே கறுப்பாகப் பொடி உதிர்ந்துகொண்டு வந்தது. அப்படிப்பட்ட சோல் உள்ளதை அவ்வப்போது போட்டு நடங்கள், பூட்டி வைக்காதீர்கள்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம். துவைத்துச் சாயம் போன பழைய மஞ்சப்பை அருமையாக வேலை செய்யும், காற்று உள்ளே போய்வரும். உங்களுடையது பூசணம் என்று தெரியவந்தால், அதே அலமாரியில் தொங்குகிற பெல்ட்டையும் பக்கத்திலிருக்கும் பர்ஸையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள், அலமாரித் தட்டையும்தான். பூட்ஸை மட்டும் சுத்தம் செய்து திரும்ப அங்கேயே வைத்தால் அடுத்த மழைக்குள் மறுபடி பிடித்துவிடும்.