கார்ப் ஹீட்டை இழுத்ததும் இன்ஜின் குலுங்குகிறதா? திரும்ப உள்ளே தள்ளாதீர்கள்

விமானி உரிமம் வாங்கி ஆறு மாதம் ஆன ஒரு வாசகரின் கேள்வி இது. அவர் ஓட்டுவது கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய செஸ்னா 172 என்ற சிறு விமானம். 3,500 அடியில் பறந்துகொண்டிருந்தபோது, எதையும் தொடாமலே ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) 2,400-லிருந்து மெல்ல 2,200-க்கு இறங்கியிருக்கிறது. உள்ளே ஐஸ் படிந்தால் உருக்க, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்திருக்கிறார். இன்ஜின் முன்பைவிட மோசமாகக் குலுங்கவும் பயந்துபோய் உடனே உள்ளே தள்ளிவிட்டு, த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் குமிழ்) கூட்டிக் கூட்டி எப்படியோ வந்து இறங்கியிருக்கிறார். "செய்தது சரியா? வெளியே 20 டிகிரி, அதில் எப்படி ஐஸ்?" என்று கேட்கிறார்.

பத்திரமாக இறங்கிவிட்டீர்கள், அது பெரிய நிம்மதி. இழுத்ததும் சரிதான். ஆனால் திரும்ப உள்ளே தள்ளியது தவறு.

20 டிகிரிதான் ஐஸுக்குத் தோதான வெப்பநிலை. கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கும் அதிகமாகக் குறையலாம். காற்றில் ஈரம் இருந்தால் த்ராட்டில் தகட்டைச் சுற்றி ஐஸ் படிந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. மேகம், மழை எதுவும் வேண்டாம். வெளியே 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது வாய்ப்பு மிக அதிகம். 38 டிகிரி வெயிலிலும் இது நடந்திருக்கிறது.

அப்புறம் அந்தக் குலுக்கல். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் கலவையில் பெட்ரோல் அதிகமாகி ஆர்.பி.எம். கொஞ்சம் விழும். ஐஸ் இருந்தால் அது உருகி, அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள் போவதால் இருமலும் உதறலும் வரும். அதாவது, ஐஸ் கரைகிறது என்பதற்கு அந்த உதறல்தான் அடையாளம்! ஒருமுறை பயிற்சியின்போது என் பக்கத்தில் இருந்த மாணவர் இதேபோல் குமிழை உள்ளே தள்ளப் போக, அவர் கைமேல் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். குமிழ் உள்ளங்கையில் அதிர்ந்தது, பேனல்மேல் வைத்திருந்த பென்சில் நழுவிக் கீழே விழுந்தது. வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டும்போது ஒரு பெரிய இருமல், பிறகு ஆர்.பி.எம். முள் தானாக ஏறியது. அந்த நாற்பது எண்ணிக்கை ரொம்ப நீளம், ஒத்துக்கொள்கிறேன். சில சமயம் இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும்.

முழுவதும் இழுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாக உருகியது இன்னும் உள்ளே போய் மறுபடி உறையக்கூடும். தாமதிக்கவும் கூடாது. அந்தச் சூடு வருவது எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து, இன்ஜின் அடங்க அடங்க அதுவும் ஆறிவிடும். நீங்கள் செய்ததுபோல் த்ராட்டிலைக் கூட்டி ஈடுகட்டினால், ஐஸ் வளர்வது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் விமானத்தை ஓட்ட மறந்துவிடாதீர்கள். முழுவதும் நின்றுபோன இன்ஜினைவிட பாதி உயிரோடு இருக்கும் இன்ஜினைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 'எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று அது ஆசை காட்டும், உயரத்தைக் காப்பாற்ற மூக்கைத் தூக்குவோம், வேகம் குறையும், இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கும் ஸ்டாலில் போய் முடியும். புறப்பட்டு ஏறும் கட்டத்தில் முழுச் செயலிழப்பைவிட இப்படிப் பாதி சக்தி போவது சுமார் மூன்று மடங்கு அதிகம் என்கிறது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். ஆகவே மூக்கை இறக்கிச் சறுக்கு வேகத்தை (இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து போகும் வேகம்) பிடியுங்கள், பழைய 172-களில் பெரும்பாலும் 65 நாட், உங்கள் விமானத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் இல்லாமலே போய்ச் சேரக்கூடிய ஒரு திடலையோ ஓடுதளத்தையோ நோக்கித் திரும்புங்கள். காற்று அமைதியாக இருந்தால் 1,000 அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கடல் மைல் கிடைக்கும். மீதமிருக்கும் சக்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எந்த நிமிடமும் போகலாம்.

இன்ஜின் கார்ப் ஹீட்டுக்கு மசியவில்லை என்றால் ஃப்யூவல் செலக்டர் (எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் என்ற திருகு), மிக்ஸ்சர் (காற்று-பெட்ரோல் விகிதக் குமிழ்), ப்ரைமர் (ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் ஏற்றும் கை பம்ப்) பூட்டியிருக்கிறதா, பிறகு மேக்னட்டோ (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறி தரும் கருவி, இரண்டு இருக்கும்) என வரிசையாகப் பாருங்கள். ஒரு மேக்னட்டோவில் மட்டும் சீராக ஓடினால் அதிலேயே விட்டுவிடுங்கள். உயரம் இருக்கும்போதே ரேடியோவில் மேடே (அவசர உதவி அழைப்பு) சொல்லிவிடுங்கள். யாரோடும் தொடர்பில் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5, ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. நிலைமை சரியானால் மேடேயைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, இறங்குவதற்காகத் த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே கார்ப் ஹீட்டை இழுத்துவிடுங்கள். தகடு பாதி மூடியிருக்கும்போதுதான் ஐஸ் சுலபமாக அடைக்கும்.

அடுத்த முறை பறக்கும் முன் ரன்-அப்பில் (தரையில் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கும்போது) கார்ப் ஹீட்டை இழுத்து முள்ளைப் பாருங்கள். ஆர்.பி.எம். கொஞ்சம் விழ வேண்டும். விழவே இல்லை என்றால் கேபிளோ உள்ளே இருக்கும் மடலோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம். விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.