சிடுமூஞ்சி டாக்டரும் ஏழாவது தடவையும்

கேள்வி: போன இதழில், ‘டாக் மார்ட்டின்’ என்ற ஆங்கிலத் தொடரின் ஒரே எபிசோடை ஆறாவது தடவை பார்த்ததாகப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். பேத்தி தயவில் நானும் அந்தத் தொடரைக் கொஞ்சம் பார்த்தேன். அந்த டாக்டர் நோயாளிகளை நாயே பேயே என்று விரட்டாத குறைதான். 34 வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். டாக்டர் சிரித்த முகமாக நாலு வார்த்தை பேசினாலே பாதி நோய் ஓடிவிடும். இந்தச் சிடுமூஞ்சியை ரசிப்பதே தப்பு. முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைவிடத் தப்பு. உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?
— ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், சிஸ்டர்.

நீங்கள் கேட்கும் சிரித்த முக டாக்டர் ஏற்கெனவே இருந்தார். 2000-ல் வந்த ‘சேவிங் கிரேஸ்’ படத்தில், இந்தத் தொடரில் டாக்டராக நடித்த அதே மார்ட்டின் க்ளூன்ஸ்தான் கிராமத்து டாக்டர். கதாபாத்திரத்தின் பெயரும் மார்ட்டின்தான், ஆனால் மார்ட்டின் பாம்ஃபோர்ட். ஊர்க்காரர்களோடு ஒட்டி உறவாடுகிற, யாரையும் கடிந்து பேசாத மனுஷர். அவரை வைத்து இரண்டு டிவி படங்கள்கூட எடுத்தார்கள். இன்றைக்கு அவரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? 2004-ல் பிரிட்டனின் ஐடிவி சேனலுக்கு அது தொடராக மாறியபோது, எழுத்தாளர் டொமினிக் மிங்கெல்லா அந்த நல்லவரைக் கழற்றிவிட்டு மார்ட்டின் எல்லிங்கம் என்ற சிடுமூஞ்சியை உட்காரவைத்தார். (மிங்கெல்லா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் எல்லிங்கம் வரும். தன் பெயரையே கலைத்துச் செய்த ஆள்.) அந்தச் சிடுமூஞ்சி 2022 வரை 10 சீசன் ஓடினார். பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், நெதர்லாந்து என்று ஆளாளுக்குத் தங்கள் மொழியில் ஒரு சிடுமூஞ்சியைச் செய்துகொண்டார்கள். சிரித்த முகத்தை வாங்கத்தான் ஆள் வரவில்லை.

அதற்காக, எனக்கு நெஞ்சு வலித்தால் எல்லிங்கத்திடம் போவேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரசிப்பது வேறு, உடம்பைக் காட்டுவது வேறு. முதல் சீசனிலேயே ஒரு கூத்து வருகிறது. கிளினிக் என்றால் டீ குடித்து, பிஸ்கட் தின்று, ஊர்க்கதை பேசும் இடம் என்று நினைத்து வருகிறது ஊர். நோய் இல்லாதவன் வெளியே போ என்று துரத்துகிறார் இவர். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். வைத்தியம் என்று பார்த்தால் தவறுதான். 1975-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, அவர்களை அனுப்பிவைத்த டாக்டரின் கடிதத்தைப் படித்து, அவர்கள் சொன்னதைக் கேட்ட அளவிலேயே, உடம்பைத் தொடுவதற்கு முன்பே, நோய் இன்னதென்று டாக்டர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பேச்சை வெட்டுகிற டாக்டர் நோயையும் சேர்த்து வெட்டிவிடுகிறார். இந்த விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனால் சிரிப்பையும் காதையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். நான் பல வருடம் போய்வந்த டாக்டர் ஒருவர் தங்கமான மனுஷர். பேரன் எந்த வகுப்பு, பத்திரிகை எப்படிப் போகிறது என்று விசாரித்தபடியே மருந்துச் சீட்டை எழுதிவிடுவார். கால் மரத்துப்போகிறது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தோளில் தட்டி, “வயசாகுதுல்ல சார்” என்றார். செருப்பைக் கழற்றிக் காலைப் பார்க்கச் சொன்னது வேறொருவர். அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை அளவைப் பார்த்தபிறகு நானும் சிரிக்கவில்லை.

இனி அந்த எபிசோடுக்கு வருகிறேன். 2004-ல் வந்த முதல் சீசனின் ஆறாவது, அதாவது கடைசி எபிசோட். பெயர் ‘ஹீமோஃபோபியா’. ரத்தத்தைக் கண்டால் பயம். எல்லிங்கம் லண்டனில் பேர்பெற்ற ரத்தக்குழாய் அறுவை நிபுணராக இருந்தவர். ரத்தத்தைப் பார்த்தாலே குமட்டல் வர ஆரம்பித்ததால், கத்தியை வைத்துவிட்டு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் போர்ட்வென் என்ற ஊருக்கு ஓடிவந்தவர். (போர்ட்வென் கற்பனை ஊர். படம் பிடித்தது போர்ட் ஐசக்கில். அங்கே ஒரு சந்து இருக்கிறது, என்னைப் போன்ற தொந்திக்காரர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நுழைய முடியும். அதன் பெயரே ‘வயிறு நெரிக்கும் சந்து’ என்ற பொருளில்தான் இருக்கிறது.) இந்த எபிசோடில் டாக்டரின் ரகசியம் ஊருக்குத் தெரிந்து, ஆளுக்கு ஆள் கேலி பேசுகிறார்கள்.

உங்களுக்குத் தெரியும், மற்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்த பயம் ஒன்றில்தான் ஏறிய அழுத்தம் சட்டென்று கீழே விழுந்து ஆளையும் சாய்க்கும். கை கால் தசைகளை இறுக்கி அழுத்தத்தை மேலே பிடித்துவைக்கும் பயிற்சியை 1980-களில் ஸ்வீடனில் சொல்லிக்கொடுத்தார்கள். இது மனக்கோழை சமாச்சாரம் அல்ல. எல்லிங்கத்துக்கு இது வந்த கதையைத் தொடரே சொல்கிறது: அறுவைக்குக் காத்திருந்த ஒரு பெண்ணை அவள் குடும்பத்தோடு பார்த்துவிட்டார். அதுவரை மேஜையில் கிடந்தது உடம்பு. அன்றைக்கு அது ஒருவரின் மனைவியாக, அம்மாவாகத் தெரிந்துவிட்டது. கை ஓடவில்லை. நோயாளியை மனுஷராகவே மதிக்காதவர் என்கிறீர்களே, மனுஷராகப் பார்த்ததுதான் அவருக்கு வந்த வியாதி.

பீட்டர் க்ரோங்க் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். புத்திசாலி, கூட்டத்தில் ஒட்டாதவன், சின்ன வயது எல்லிங்கமேதான். அவனுக்கு மண்ணீரலில் அடிபட்டு உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விடுவான் என்ற நிலை. ஆம்புலன்ஸிலேயே வயிற்றைத் திறக்கிறார் எல்லிங்கம். பக்கத்தில் ஆசிரியை லூயிசா. இந்தக் காலத்தில் குழந்தைகளின் மண்ணீரல் காயத்தைப் பெரும்பாலும் கத்தி வைக்காமல் கண்காணித்தே தேற்றிவிடுகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், அது ரத்த ஓட்டம் நிலையாக இருக்கும் பிள்ளைகளுக்கு. இவனுக்கு அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கேலிக்கு ஆளான அதே குமட்டலோடு, அதே ரத்தத்துக்குள் கையை விடுகிறார். பையன் பிழைக்கிறான்.

திரும்பி வரும் டாக்ஸியில் லூயிசா அவரை முத்தமிடுகிறாள். ஆறு எபிசோடாக நாம் காத்திருந்த முத்தம். முடிந்ததும் மனுஷர் கேட்கிறார், உன் வாயில் நாற்றம் வருகிறதே, பல்லை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா என்று. நடுரோட்டில் இறக்கிவிடப்படுகிறார்.

முதல் தடவை பார்த்தபோது நானும் உங்களைப் போலத்தான், “சே, இவனெல்லாம் ஒரு மனுஷனா” என்று சிரித்துவிட்டு எழுந்துபோனேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோதான் உறைத்தது. முதல் எபிசோடின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணின் முகத்தை இந்த ஆள் வெறித்துப் பார்க்கிறார். பொம்பளை பொறுக்கி என்று அவள் முடிவுகட்டுகிறாள். அவர் பார்த்தது அவள் கண்ணில் தெரிந்த கிளாகோமா என்ற கண் நோயின் அறிகுறியை. கண்ணின் அழுத்தம் திடீரென ஏறும் அந்த வகையைக் கவனிக்காமல் விட்டால் சீக்கிரமே பார்வை போய்விடும். அந்தப் பெண்தான் லூயிசா.

விமானத்தில் கண், டாக்ஸியில் மூச்சு. சீசனின் இரண்டு நுனியிலும் ஒரே காட்சியைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஆளுக்குப் பிரியம் காட்டத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்: உனக்கு என்ன கோளாறு என்று நான் பார்த்துவிட்டேன். முதல் தடவை அதில் ஒரு கண் பிழைத்தது. இரண்டாம் தடவை காதல் அடிபட்டது. அவர் இரண்டு இடத்திலும் செய்தது ஒரே காரியம். இது முதல் தடவை பார்க்கும்போது பிடிபடாது. பையன் பிழைப்பானா என்ற பதைப்பிலேயே நம் கண் போய்விடும். பிழைத்துவிடுவான் என்று தெரிந்தபிறகுதான் பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. வார்டில் முதல் நாள் நைட் டியூட்டியில் உங்களுக்கு எத்தனை முகம் ஞாபகம் இருந்தது, மானிட்டரைத் தவிர?

கடைசி சீசன்கள் சவசவ என்று இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருவரும் 2013-ல்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அதற்கு முன்பே குழந்தை. அப்புறம் பிரிவதும் சேர்வதுமாக இழுத்தார்கள். அதையெல்லாம் ஏழு தடவை பார்க்கச் சொன்னால் நானும் நடுரோட்டில் இறங்கிக்கொள்வேன்.

வேறு வேலை இல்லையா என்றீர்கள். இருக்கிறது. உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்ற சாக்கில் நேற்று ராத்திரி ஏழாவது தடவையும் பார்த்தாயிற்று. பேத்தியிடம் சொல்லி அந்த ஆறாவது எபிசோடை மட்டும் போடச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் காட்சியில் அவர்கள் செய்திருக்கும் தப்புகளை 34 வருட அனுபவம் எண்ணாமல் விடாது. எண்ணி எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். டாக்ஸி காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.