உட்கார்ந்தால் எரியும் நரம்பு வலி: பிசியோதெரபியைத் தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: எனக்கு வயது 44. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒன்றரை ஆண்டுகளாகப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலப்புறமாக எரிச்சலும் குத்தலும் இருக்கிறது. உட்கார்ந்தால் கூடுகிறது, நின்றால் குறைகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரும்போது மட்டும் வலி தெரிவதில்லை. மூலம் என்று ஒருவரும், டிஸ்க் என்று மற்றொருவரும் சொன்ன பிறகு, இது பியூடெண்டல் நரம்பு வலி என்று கண்டறிந்தார்கள். நான்கு மாதங்களாகப் பிசியோதெரபி எடுக்கிறேன். முதல் ஒன்றரை மாதம் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்துக் கையால் தசைகளைத் தளர்த்திவிட்டார். அவர் வேலையை விட்டுப் போனபின் இடுப்பில் கரண்ட் வைக்கிறார்கள், சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். பத்து நிமிடம்கூட உட்கார முடியாமல் இருந்தவள் இப்போது அரை மணி நேரம் உட்காருகிறேன். ஆனால் வலிக்கு மதிப்பெண் கேட்டால் அன்றும் 7, இன்றும் 7. இன்னும் 30 அமர்வுகளுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். காசைக் கரியாக்காமல் ஊசி போட்டுக்கொள் என்கிறார் என் நாத்தனார். நான் என்ன செய்வது?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். பிசியோதெரபியையும் விட்டுவிடாதீர்கள். முதல் ஒன்றரை மாதம் உங்களுக்குக் கிடைத்ததும் அதற்குப் பிறகு கிடைத்துவருவதும் ஒரே பெயரில் பில் போடப்பட்ட இரு வேறு சிகிச்சைகள். பத்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது எந்த மாதத்தில் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் இருந்தபோதே நீண்டு, அதன்பின் அங்கேயே நின்றுவிட்டது என்றால், பலன் தந்த சிகிச்சை பாதியில் நின்றுபோனது என்றுதான் பொருள். கரண்ட் தொடங்கிய பிறகுதான் நீண்டது என்றால் நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் அப்படி நடந்து நான் பார்த்தது மிக அரிது.

இந்த நரம்பு முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பிலிருந்து புறப்பட்டு, இரண்டு தசைநார்களுக்கு இடையே நுழைந்து, நாம் உட்காரும் எலும்பின் உட்புறமாக ஒரு குறுகிய பாதையில் செல்கிறது. நாற்காலியில் அமரும்போது அந்தப் பாதையின் மேல் அழுத்தம் விழுகிறது. டாய்லெட் இருக்கையின் நடுப்பகுதி திறந்திருப்பதால் அங்கே விழுவதில்லை. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, பல ஸ்கேன் அறிக்கைகளைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. இந்நோயை அடையாளம் காண 2006-ல் பிரான்சின் நாந்த் நகரில் வகுக்கப்பட்ட விதிகளில், உட்கார்ந்தால் கூடுவதும், வலி தூக்கத்திலிருந்து எழுப்பாமல் இருப்பதும் அடங்கும். இரவில் வலியால் விழிக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. விழிப்பவராக இருந்தால், எந்தச் சிகிச்சையையும் தொடர்வதற்கு முன்பு, நோயைக் கண்டறிந்த மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த வலி உள்ளவர்களில் பலருக்கு, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இறுகிக் கிடக்கின்றன. வலியால் தசை இறுகுகிறது, இறுகிய தசை நரம்பை மேலும் உறுத்துகிறது. கீகல் பயிற்சி, பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களின் தளர்ந்த தசையை வலுவாக்குவதற்காக 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் வெளியிட்ட முறை. அதை இறுகிய தசைக்குச் செய்யச் சொல்வது, ஏற்கெனவே மடக்கிய விரல்களை இன்னும் இறுக்கிப் பிடி என்று சொல்வதைப் போன்றது. உங்கள் தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள்.

கரண்ட் வைப்பதைப் பற்றி, என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். இடுப்பின் மேல்தோலில் ஒட்டும் பட்டைகளால் சிறிது நேரம் இதமாக இருக்கலாம். இடுப்புக் குழிக்குள் இறுகிக் கிடக்கும் தசை அதனால் தளர்ந்துவிடாது. அப்படியிருந்தும் அதையே ஏன் செய்கிறார்கள் என்றால், ஓர் உதவியாளர் நான்கு கட்டில்களில் நான்கு பேருக்குப் பட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடலாம். கையால் தளர்த்தும் சிகிச்சைக்கோ, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே நோயாளியுடன் முக்கால் மணி நேரம் இருந்தாக வேண்டும். பேக்கேஜ் விற்பனையின் கணக்கும் இதுதான். வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்று வரும் இடைத்தரகர்கள் இன்னும் மோசம். கட்டணத்தில் கணிசமான பங்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, நேற்றுப் படிப்பை முடித்த பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். இடுப்புத்தளச் சிகிச்சைக்கென்று தனியே அவர்கள் பயிற்சி பெற்றிருக்க வாய்ப்பு குறைவு. இவர்களையெல்லாம் தாண்டினால், மூலம் பௌத்திரம் என்று பலகை மாட்டியவரும், லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து அறை எடுக்கும் வைத்தியரும் காத்திருப்பார்கள். இந்த வலியோடு போய், இல்லாத மூலத்துக்கு மருந்து வைத்துக்கொண்டு புண்ணோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 7 என்ற எண். பத்து நிமிடம் உட்கார்ந்து 7 என்பதும் அரை மணி நேரம் உட்கார்ந்து 7 என்பதும் ஒன்றல்ல. உடல் முன்பைவிட அதிகம் தாங்குகிறது. நீங்களும் அதற்கேற்ப அதிகம் வேலை வாங்குகிறீர்கள். ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எத்தனை நிமிடத்தில் வலி தொடங்குகிறது, எழுந்தபின் அடங்க எவ்வளவு நேரமாகிறது, மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சிகிச்சைக்கு மறுநாள் வலி கூடுவது சகஜம். ஒவ்வொரு முறையும் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் கை பலமாக விழுகிறது, மென்மையாகச் செய்யச் சொல்லுங்கள்.

இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடி, வாரம் ஒன்று வீதம் பத்து அமர்வுகள் செய்து பாருங்கள். காசை அந்தந்த வாரமே கொடுங்கள். பத்து என்பது நானாகச் சொல்லும் எண் அன்று. உங்கள் நோய்க்கு நெருக்கமான, சிறுநீர்ப்பை வலியும் தசை இறுக்கமும் கொண்ட 81 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், கையால் தசையைத் தளர்த்தும் சிகிச்சை பத்து அமர்வுகளாகத்தான் திட்டமிடப்பட்டது. அதைப் பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் தேறினர். சாதாரண மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதத்தினர். சோதனையின்போது கையுறை அணிந்த விரலால் உட்புறமாகத் தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. உடன் ஒரு பெண் இருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பத்து முடிந்தும் உட்காரும் நேரம் நகரவில்லை என்றால், அப்போது தயங்காமல் நிறுத்திவிடலாம்.

உங்கள் நாத்தனார் சொல்லும் ஊசி பிசியோதெரபிக்குப் போட்டி அன்று. நரம்பருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தும்போது சில மணி நேரம் வலி நின்றால், கண்டறிந்த நோய் சரி என்பதற்கு அது ஒரு சான்று. அதற்குப் பிறகு கிடைக்கும் நிவாரணம் ஆளுக்கு ஆள் மாறும். தொடவே முடியாத அளவு வலி இருந்தால் ஊசியை முதலில் போட்டுக்கொண்டு, வலி தணிந்திருக்கும் நாட்களில் தசைச் சிகிச்சையைச் செய்துகொள்வது நல்லது. அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தவேண்டாம்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். கர்ப்பப்பை இறக்கத்துக்கோ இடுப்பில் வேறு எதற்கோ அறுவைச் சிகிச்சை செய்து, கண் விழித்த அன்றோ அடுத்த சில நாட்களிலோ இந்த வலி தொடங்கியிருந்தால், மேலே சொன்ன பத்து அமர்வுக் கணக்கு பொருந்தாது. தையலோ பொருத்திய வலையோ நரம்பைப் பிடித்திருக்கக்கூடும். அந்தத் தையலைச் சீக்கிரம் அகற்றினால் நரம்பு பிழைக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் தசையைத் தளர்த்திக்கொண்டிருந்தால் நரம்பு கெட்டுப்போகலாம். அறுவை செய்தவர் போகப்போகச் சரியாகிவிடும் என்பார், பிசியோதெரபிக்கு அனுப்புவார், நாங்களும் நல்ல எண்ணத்தில் தொடங்கிவிடுவோம், காலம் கடந்துவிடும். வலி தொடங்கிய நாளும் அறுவை நடந்த நாளும் அருகருகே இருந்தால், அறுவைக் குறிப்புடன் இன்னொரு மகளிர் மருத்துவ அறுவை நிபுணரிடம் போங்கள். உங்கள் கடிதத்தில் அறுவை பற்றி எதுவும் இல்லை. இருந்தும் எழுதாமல் விட்டிருந்தால், இதுதான் உங்களுக்கான பதில். இடுப்பின் அடிப்பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், யாருக்காயினும் அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

டிஸ்க் என்று முன்பு ஒருவர் சொன்னாரே, எம்.ஆர்.ஐ. எடுத்தால் உங்கள் வயதில் வலியே இல்லாத பலருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். அதை நம்பி முதுகில் கத்தி வைக்க அனுமதிக்காதீர்கள். வேதனை என்னவென்றால், முதுகு அறுவைக்குக் காப்பீடு பணம் தரும். படுக்கையில் சேராமல் வந்துபோகும் பிசியோதெரபிக்குப் பெரும்பாலான காப்பீடுகள் தருவதில்லை. ஆகவேதான் மலிவான சிகிச்சை உங்கள் கைக்காசையும், தேவையில்லாத சிகிச்சை கம்பெனிக் காசையும் தின்கிறது.

அடுத்த முறை போகும்போது, எந்தத் தேதியில் என்ன சிகிச்சை செய்தார்கள் என்ற குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் பார்க்கப்போகும் பிசியோதெரபிஸ்டுக்கு அந்த முதல் ஒன்றரை மாதக் குறிப்புகள் தேவைப்படும். அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று வரவேற்பறையில் விசாரித்துப் பார்ப்பதிலும் தவறில்லை.