அம்மாவுக்குச் சிறுநீர்க் கசிவு: ரங்கூனில் எதை வாங்குவது?

அம்மாவுக்கு இருமினால் சொட்டுகிறது, இரவில் கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுகிறது என்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு தொல்லைகள். ஒரே டயாப்பரை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பகலுக்கு, உள்ளாடையில் ஒட்டும் சிறுநீர்க் கசிவுப் பேட் போதும். மாதவிடாய் நாப்கின் வேண்டாம். சட்டென்று வரும் சிறுநீரை அது அதே வேகத்தில் உறிஞ்சாது, ஈரம் தோலிலேயே நிற்கும். ரங்கூன் மழைக்காலப் புழுக்கத்தில் தொடையிடுக்கு சீக்கிரம் புண்ணாகிவிடும். நனைந்ததும் மாற்றி, கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பை (ஜிங்க் ஆக்சைடு) மெல்லிசாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் பேட் உறிஞ்சாது.

இரவுக்கு நான் முதலில் சொல்வது கட்டிலருகே ஒரு கழிப்பு நாற்காலி (கமோடு சேர்). கரண்ட் போன இருட்டில் தடுமாறி விழுவது கசிவைவிட ஆபத்து. லுங்கி கட்டுபவர் என்றால் உட்காருவதும் சுலபம். அப்படியும் நனைந்தால், நடமாடுகிறவருக்கு ஜட்டிபோல இழுத்துப் போடும் டயாப்பர்தான் சரி. பக்கவாட்டில் ஒட்டும் வகை படுத்த படுக்கையாக இருப்பவருக்கு. இடுப்பு, புட்டம் இரண்டையும் அளந்து, இரண்டில் எது பெரியதோ அந்த அளவுக்கு வாங்குங்கள்.

தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள்; அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். இருமல் கசிவுக்கு, சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை 3 மாதமாவது தினமும் செய்யட்டும், பலருக்குக் குறைகிறது. திடீரென ஆரம்பித்திருந்தாலோ எரிச்சல் இருந்தாலோ, கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் காட்டி, சிறுநீரும் சர்க்கரையும் பரிசோதித்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் அம்மாவிடம் தனியாகப் பேசி, அவர் சம்மதத்தோடு வாங்குங்கள்.