பாம்படமும் கேஷ் கிரெடிட்டும்

அன்புள்ள ஐயா,

வீரவநல்லூரிலிருந்து எழுதுகிறேன். பத்தமடைப் பாயில் கைப்பை, கல்யாணத் தாம்பூலப் பை என்று வடிவமைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். பத்தமடையில் நாலு அக்காமார் எனக்கு நெய்து தருகிறார்கள். தொழிலைப் பெருக்க இரண்டு லட்சம் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். வீட்டுக்காரர் கையெழுத்து, சொத்துப் பத்திரம் எல்லாம் வேண்டுமாம். முத்ராவா, விஸ்வகர்மாவா, எதற்கு விண்ணப்பிப்பது? நான் கலை மனசுக்காரி, கணக்கு எனக்கு வராது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சு வேறெங்காவது போய்விடும். உங்களுக்கு மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராதான். அதில் 50,000 ரூபாய் வரை சிசு என்ற பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். 2015-ல் திட்டம் வந்ததே ஈடு இல்லாமல் கடன் கொடுக்கத்தான். கைவினைஞர்களுக்காக 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பாய் முடைவதும் உண்டு, ஆனால் அது கையால் முடைபவருக்கு. முதல் கடன் 1 லட்சம், வட்டி 5 சதவீதம். நாலு அக்காமாரையும் அதில் பதியச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்து கேட்டால், அதை எழுத்தில் தாருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள்.

போன மாதம் டவுனில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்குள், அந்தக் காலத்துப் பாட்டிமார் காதில் தொங்கிய பாம்படம் பார்த்தேன். அன்றிலிருந்து ஆச்சியின் காது நினைவாகவே இருக்கிறது. திசையன்விளைப் பக்கம் கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி முடைந்தவள். பனையேற்றம் தொடங்கும் முன்பே குருத்தோலை வாங்கிக் காயவைக்க வேண்டும், கையில் காசு இருக்காது. பாம்படத்தைக் கழற்றி வட்டிக்கடைக்குக் கொண்டுபோவாள். கடைக்காரர் அதன் உள்ளே இருக்கும் அரக்கைக் கழித்துத்தான் எடை சொல்வார். எப்போது திருப்புவே என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பெட்டி வித்ததும் வாரேன் அண்ணாச்சி."

அதன் பிறகு சில மாதம் தோள் வரை தொங்கும் வெறுங்காது. பாம்படம் மறுபடி ஆடினால் கருப்பட்டி வியாபாரி பணம் தந்துவிட்டார் என்று பிள்ளைகள் நாங்கள் தெரிந்துகொள்வோம், மிட்டாய்க்குக் கை நீட்டுவோம்.

வட்டி கடுமைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கடன் காத்திருந்தது. இன்று பெண்களுக்குக் கிடைக்கிற கடன் எது காத்திருக்கிறது? மைக்ரோ பைனான்ஸ்காரர் வாரம் தவறாமல் வாசலில் நிற்கிறார். வங்கித் தவணை மாதம் தவறாமல் பிடிக்கிறது. கோரையைக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி, பட்டு நூலில் நெய்து ஒரு பாய் இறங்க வாரக்கணக்காகும். மாப்பிள்ளை, பெண் பெயர் போட்ட பாய் என்றால் முகூர்த்த மாதத்தில்தான் விலை. ஆடியில் கேட்பார் இல்லை, மார்கழியிலும் இல்லை. தவணைத் தேதிக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அன்றைக்குத்தான் அந்த அக்கா பாயை வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறாள். கடன் கிடைக்கவில்லை என்று ஆளாளுக்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கிடைத்த கடன் எந்த மாதத்தில் கழுத்தைப் பிடிக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஆகவே டெர்ம் லோன் என்கிற மாதத் தவணைக் கடன் வேண்டாம். முத்ராவிலேயே கேஷ் கிரெடிட் கேளுங்கள், அதற்குக் கார்டும் உண்டு. எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி, விற்றதும் கட்டிவிட்டு வேண்டும்போது மறுபடி எடுக்கலாம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், வட்டியையும் ஒழுங்காகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். வங்கிக்காரருக்குத் தவணைக் கடன்தான் சுலபம், அதைத்தான் நீட்டுவார். தலையாட்டாதீர்கள்.

இனி உங்கள் கடைசி வரி. "கணக்கு எனக்கு வராது." அதைப் படித்தபோது கடிதத்தை மூடிவைத்துவிடலாமா என்றிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி, வியாபாரியிடம் போன ஒவ்வொரு கட்டுக்கும் அடுப்படிச் சுவரில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பாள். காசு வந்தால் விரலால் அழிப்பாள். அழியாத புள்ளியைக் காட்டி வியாபாரியைத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் முடைந்த பெட்டியின் மூடி அவ்வளவு நறுவிசாகப் பொருந்தும். கணக்கு பார்த்ததால் அது கோணிப்போகவில்லை. உங்களை நம்பி நாலு பேர் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள் அம்மா. கணக்கு வராது என்று நீங்கள் சொன்னால் அவர்கள் கூலி யார் கணக்கில்?

இரண்டு லட்சம் கேட்டிருக்கிறீர்கள். பாய் வாங்கியதிலிருந்து ஒரு பை விற்றுக் காசு கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று கடிதத்தில் எங்கும் இல்லை. வங்கிக்கு மறுபடி போகுமுன் அதை எழுதி அனுப்புங்கள்.